பழகிவிடாதிருங்கள்



ஆங்கிலத்தில் ‘ஐ யூஸ்ட் டு பிரே’ என்றால், ‘முன்பு ஜெபித்து வந்தேன், இப்போது இல்லை’ என்று பொருள். ‘ஐ ஆம் யூஸ்ட் டு இட்’ என்றாலோ, ‘எனக்கு அது பழகிவிட்டது’ என்று பொருள். முதல் வாக்கியத்தில் இழப்பின் வலி உண்டு. இரண்டாவதில் அந்த வலியும் மரத்துப்போகிறது.

2023 டிசம்பரில், மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் பரவியபோது, நெட்டுக்குப்பத்தில் படகுகளும் வலைகளும் கறுத்தன. ‘இங்கே இறால் பிடித்து வந்தோம்’ என்று அழுத நம் மீனவர்கள், ‘பழகிவிட்டது’ என்று இருந்துவிடவில்லை. படகேறிச் சென்று, வாளிகளால் எண்ணெயை அள்ளினார்கள்.

எபேசு சபையும் ஒருகாலத்தில் மிகுதியாய் அன்புகூர்ந்த சபையே. அந்த ஆதி அன்பை விட்டுவிட்டதை நினைத்து மனந்திரும்பும்படி ஆண்டவர் அதை அழைத்தார் (வெளிப்படுத்தின விசேஷம் 2). இழந்ததை நினைப்பதே திரும்புதலின் முதற்படி.

‘எங்கள் வீட்டில் முன்பு குடும்ப ஜெபம் இருந்தது’ என்கிறீர்களா? அதைச் சொல்லும்போது உள்ளம் வலிக்கிறதா? அந்த வலியும் தேவகிருபையே. அது மரத்துப்போகுமுன், இன்றிரவே பிள்ளைகளை அழைத்து முழங்காற்படியிடுங்கள்.

கர்த்தர் உங்கள் இல்லங்களை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.