இரண்டாவது மெஷின் எதற்கு?

வருகிறவர்களின் முதல் கேள்வி அநேகமாக மானியம் பற்றியதாகத்தான் இருக்கும். "சார், எந்த ஸ்கீம்ல சப்சிடி ஜாஸ்திங்க?" வங்கியில் கடன் பிரிவில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவன் நான். கோவையில் ஒரு சிறுதொழில் சங்கத்தின் மாடி அறையில் சனிக்கிழமை மாலைகளில் உட்கார்ந்து யோசனை சொல்கிறேன். கட்டணம் கிடையாது. வருகிறவர்களில் பெரும்பாலோர் கணபதி, ஆவாரம்பாளையம் பக்கத்துப் பட்டறைக்காரர்கள். பம்பு கம்பெனிகளிடம் ஜாப் ஆர்டர் எடுத்துக் கடைசல் வேலை செய்பவர்கள். இடையிடையே மாவுக்கடை வைத்திருப்பவர், டெய்லர், வீட்டில் சத்துமாவு தயாரித்து விற்கும் பெண்கள் என்று வருவார்கள்.

மானியக் கேள்விக்குப் பதில் சுலபம். பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தில் இடத்தையும் ஆளையும் பொறுத்து 15 முதல் 35 சதவீதம் வரை உண்டு. ஆனால் அந்தப் பணம் கைக்கு வராது. மூன்று வருடம் வங்கியிலேயே டெபாசிட்டாகக் கிடக்கும். தொழில் நடக்கிறது என்று பார்த்த பிறகுதான் கடனில் வரவு வைப்பார்கள். இதைச் சொன்னதும் பலருக்கு முகம் வாடிவிடும். மானியம் கையில் வரும் என்று நம்பி, வெளியே கடன் வாங்கி ஷெட்டுக்கு அட்வான்ஸ் கொடுத்துவிட்டு வந்தவர்களும் உண்டு. புரோக்கர் சொல்லியிருப்பார். சாங்ஷன் ஆன அன்றே கமிஷன் வாங்கிக்கொண்டு அவர் அடுத்த ஆளிடம் போய்விடுவார்.

காசு வாங்காமல் யோசனை சொல்வதில் எனக்கிருக்கும் வசதி இதுதான். ப்ராஜெக்ட் ரிப்போர்ட் போடுபவருக்கும், கடன் வாங்கித் தருபவருக்கும், மெஷின் விற்பவருக்கும் அந்தக் கடன் நடந்தே ஆக வேண்டும். எனக்கு நடந்தாலும் ஒன்றுதான், நடக்காவிட்டாலும் ஒன்றுதான். அதனால் "வேண்டாங்க" என்று வாய்விட்டுச் சொல்ல முடிகிறது. வங்கியில் இருந்தபோதுகூட இவ்வளவு தாராளமாகச் சொன்னதில்லை. அங்கே மார்ச் மாத டார்கெட் கழுத்தில் இருந்தது. (ரிட்டயர்டு மேனேஜர் ஒரு போன் போட்டால் லோன் வந்துவிடும் என்ற நம்பிக்கை ஊரில் இன்னும் இருக்கிறது. நான் போடுவதில்லை. ஜாமீன் கையெழுத்தும் போடுவதில்லை.)

இலவசம் என்றால் வெறுங்கையோடு வந்து உட்கார்ந்துவிடுவார்கள் என்பது அதன் இன்னொரு பக்கம். ஆகவே முதல் தடவை போனில் பேசும்போதே சொல்லிவிடுவேன்: பன்னிரண்டு மாத கரண்ட் அக்கவுண்ட் ஸ்டேட்மென்ட், ஜிஎஸ்டி 3பி, இ.பி. பில், வீட்டில் எழுதும் நோட்டு. நான்கும் இல்லாமல் வருபவருக்கு டீ மட்டும் உண்டு. ஸ்டேட்மென்ட்டில் நான் முதலில் தேடுவது செக் ரிட்டர்ன் சார்ஜ். அடுத்து, ஜூன் மாதம் பள்ளிக் கட்டணம் எந்தக் கணக்கிலிருந்து போயிருக்கிறது என்பது. அடுத்து, நகைக் கடன் பணம் வரவில் எங்கே நிற்கிறது என்பது. நகைக் கடன் வரவையும் சேர்த்து "மாசம் இவ்வளவு டர்னோவர் ஆகுதுங்க" என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். பொய் சொல்கிறார்கள் என்றில்லை, அவர்களே அப்படித்தான் நம்புகிறார்கள். இ.பி. பில் மட்டும் யாருக்காகவும் மாற்றிப் பேசாது. மெஷின் எவ்வளவு ஓடியது என்பதை அந்த யூனிட் சொல்லிவிடும்.

மனைவியோடு வந்த ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். சிஎன்சி டர்னிங் மெஷின் ஒன்று வைத்திருந்தார். 18 லட்சம், அதில் 13.5 லட்சம் கடன், மாதத் தவணை 29,000. இரண்டாவது மெஷினுக்குக் கடன் வேண்டும் என்று வந்தார். "ரெண்டு மெஷின் இருந்தாத்தான் கம்பெனில மதிக்கறாங்க சார்."

"மணிக்கு என்ன ரேட் போடறீங்க?"

"நானூறுங்க. எங்க வீதில எல்லாருமே அதுதானுங்க."

"அந்த நானூறு எப்படி வந்துது?"

அவர் மனைவியைப் பார்த்தார். நோட்டு எழுதுவது அந்த அம்மாதான். கட்டுப்படியாகும் என்று தாங்கள் போட்ட கணக்கை அவர் விரித்துக் காட்டினார். தவணை 29,000. வாடகை 12,000. கரண்ட் 9,000. ஆபரேட்டர் சம்பளம் 20,000. இன்சர்ட், கூலண்ட், ஆயில் 8,000. ரிப்பேருக்கு 5,000. ஆக 83,000. ஒரு நாளைக்குப் பத்து மணி நேரம், மாதம் 25 நாள், 250 மணி. வகுத்தால் மணிக்கு 332 ரூபாய். நானூறு வாங்கினால் 68 ரூபாய் லாபம்.

கூட்டலில் தப்பில்லை. ஆனால் இந்தக் கணக்கில் இரண்டு பேரைக் காணோம். அவரே புரோகிராம் போடுகிறார், செட்டிங் செய்கிறார், டெலிவரிக்கு வண்டி ஓட்டுகிறார். அந்த அம்மா பீஸ் பார்த்து அளந்து பேக்கிங் செய்து பில் போடுகிறார். இருவருக்குமாக 30,000 என்று எழுதச் சொன்னேன். குறைந்த சம்பளம்தான். அதற்கே அவருக்குச் சிரிப்பு வந்தது. "நம்ம பட்டறைல நமக்கே சம்பளமுங்களா?" மொத்தம் 1,13,000 ஆயிற்று.

பிறகு மணி. ஒரு பீஸுக்கு நான்கு நிமிடம். போன மாத டெலிவரி சலான் (டிசி) எல்லாவற்றையும் அந்த அம்மா கூட்டினார்: 2,700 பீஸ். 10,800 நிமிடம், அதாவது 180 மணி. இ.பி. பில்லும் ஏறக்குறைய அதையேதான் சொன்னது. 1,13,000-ஐ 180-ஆல் வகுத்தால் மணிக்கு 628. அவர் வாங்குவது நானூறு. மாத வருமானம் 72,000. தங்கள் சம்பளத்தை விட்டுவிட்டாலும் 11,000 துண்டு விழுகிறது. வீட்டுச் செலவு எங்கிருந்து வந்தது என்று நான் கேட்கவில்லை. ஸ்டேட்மென்ட்டில் நகைக் கடன் இருந்தது.

"250 மணில 70 மணி மெஷின் சும்மா நிக்குது. ரெண்டாவது மெஷின் எதுக்குங்க?" என்றேன்.

இந்த இடத்தில் பேச்சை நிறுத்தினால் அது வெறும் கண்டிப்பு, யோசனை ஆகாது. அந்த 70 மணி எங்கே போனது என்று பார்த்தோம். கம்பெனி மெட்டீரியலை நூறு, நூற்றைம்பது பீஸாக அனுப்புகிறது. ஒவ்வொரு தடவையும் பார்ட் மாறும். ஜா மாற்றி, டூல் மாற்றி, முதல் பீஸ் ஓகே வாங்குவதற்குள் மணிக்கணக்கில் நேரம் போய்விடும். ரேட்டை ஏற்றிக் கேட்டால் பர்ச்சேஸ் ஆபீசர் அடுத்த பட்டறையைக் காட்டுவார். லாட்டைப் பெரிதாக அனுப்புங்கள் என்று கேட்டால் அவர் கையிலிருந்து ஒரு பைசா போகப்போவதில்லை. சின்ன லாட் வந்தால் செட்டிங் சார்ஜ் தனி என்றும் கேட்கலாம். ஜாப் ஆர்டரில் பேரம் என்றால் பீஸ் ரேட் மட்டும்தான் என்று நம் ஆட்கள் நினைக்கிறார்கள். பேச வேறு எவ்வளவோ இருக்கிறது. அவர் போய்க் கேட்டார். இரண்டு பார்ட்டுக்கு லாட் 500 ஆயிற்று, செட்டிங் சார்ஜும் கிடைத்தது. மெஷின் இப்போது 230 மணிக்குக் குறையாமல் ஓடுகிறது. ரேட் இன்னும் நானூறுதான். 250 மணி ஓடினாலும் நானூறு பத்தாது, 452 வேண்டும் என்பது இருவருக்கும் தெரியும். வேறு கம்பெனியில் கொட்டேஷன் கொடுத்திருக்கிறார்கள்.

பில் பணம் லேட்டாக வருவது எல்லாருக்கும் உள்ள வியாதி. சட்டம் இருக்கிறது. 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டப்படி, குறு, சிறு நிறுவனங்களுக்கு ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்குள் பணம் கொடுத்தாக வேண்டும்; எழுத்தில் ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாள். தவறினால் ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப் போல மூன்று மடங்கு, மாதாமாதம் கூட்டு வட்டி. இதைக் கேட்டதும் நிமிர்ந்து உட்காருவார்கள். "கேஸ் போட்டா அடுத்த ஆர்டர் வருங்களா?" என்று கேட்டு உடனே சாய்ந்தும் விடுவார்கள். நியாயமான கேள்வி. அந்த ஒரே கம்பெனியை நம்பியிருப்பவரிடம் கேஸ் போடச் சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. நான் சொல்வது அதற்கு முந்தைய படி: உத்யம் பதிவு செய்துகொள்ளுங்கள், அது இலவசம், யாராவது 2,000 கேட்டால் கொடுக்காதீர்கள். அந்த நம்பரை ஒவ்வொரு பில்லிலும் அச்சடியுங்கள். 2023-இல் வருமானவரிச் சட்டத்தில் சேர்த்த 43பி(ஹெச்) பிரிவு, அந்தக் கெடுவுக்குள் கொடுக்காத தொகையை, கொடுத்த வருடத்தில்தான் செலவாகக் காட்ட முடியும் என்று ஆக்கியது. அதிலிருந்து மார்ச் வந்தால் கம்பெனியின் ஆடிட்டரே பாக்கிப் பட்டியலைக் கேட்கிறார். நீங்கள் சண்டை போட வேண்டியதில்லை. வாங்கி விற்கும் வியாபாரிகளுக்கு மட்டும் இது பொருந்தாது. உத்யம் பதிவு இருந்தாலும் அது கடனுக்குத்தான் உதவும்.

பில் வரும் வரை தண்டலில் ஓட்டுகிறார்கள். 9,000 வாங்கித் தினம் 100 வீதம் நூறு நாள் கட்டுவது வழக்கம். ஆயிரம் ரூபாய்தானே, பத்து சதவீதம் என்பார்கள். ஆனால் ஐம்பதாம் நாளிலேயே பாதிக்கு மேல் திரும்பப் போய்விடுகிறது. சராசரியாகக் கையில் நிற்பது ஏறக்குறைய 4,500. அதற்கு நூறு நாளைக்கு ஆயிரம். வருடத்துக்கு 80 சதவீதம் வருகிறது. இருந்தாலும் தண்டலே கூடாது என்று எல்லாரிடமும் சொல்வதில்லை. காலையில் பூ மார்க்கெட்டில் வாங்கி மாலைக்குள் விற்றுவிடும் அம்மாவால் இதைத் தாங்க முடியும். தொண்ணூறு நாள் கழித்துப் பணம் வரும் பட்டறைக்காரரால் முடியாது. அவருக்கு வங்கியில் கேஷ் கிரெடிட் (சிசி) லிமிட் கேட்கும் உரிமை இருக்கிறது. ரிசர்வ் வங்கி அமைத்த நாயக் கமிட்டி சொன்ன வழியில் எதிர்பார்க்கும் டர்னோவரில் குறைந்தது 20 சதவீதத்தை நடைமுறை மூலதன வரம்பாக வங்கி கணக்கிட வேண்டும். தன் டர்னோவரையே ஜிஎஸ்டியில் குறைத்துக் காட்டியவருக்குத்தான் அங்கே வாய் அடைத்துப் போகிறது.

சொல்லக் கஷ்டமான யோசனை, மூடச் சொல்வது. தொழிலை ஆரம்பிக்கச் சொல்லித்தர மாவட்டத் தொழில் மையம் முதல் பயிற்சி நிலையங்கள் வரை ஆட்கள் இருக்கிறார்கள். மூடுவதற்கு வழி சொல்ல ஆள் இல்லை. கடன் கணக்கு 90 நாள் தவணை தவறி வாராக்கடன் ஆனபிறகு மூடுவதும், அதற்கு முன்பே மெஷினை நல்ல விலைக்கு விற்றுக் கடனை அடைத்துவிட்டு மூடுவதும் ஒன்றல்ல. பின்னதில் சிபில் பிழைக்கும், வீட்டுப் பத்திரம் திரும்ப வரும். இதைப் பலரிடம் சொல்லியிருக்கிறேன், கேட்டவர்கள் கொஞ்சம். கௌரவம் குறுக்கே வரும், மாமனார் குறுக்கே வருவார்.

அப்படிக் கேட்ட ஒருவர் இரண்டு பழைய லேத்தையும் விற்றுவிட்டு, ஒரு கம்பெனியில் சூப்பர்வைசராகச் சேர்ந்தார். ஆபரேட்டருக்கு ஒரு மாதச் சம்பளம் கூடுதலாகக் கொடுத்து அனுப்பினார். போன மாதம் வந்து எல்லாம் முடிந்ததென்று சொன்னார். ஜிஎஸ்டி பதிவை ரத்து செய்தாயிற்றா என்று கேட்டேன். ஆயிற்று என்றார். கடைசி ரிட்டர்ன், ஜிஎஸ்டிஆர்-10? அப்படி ஒன்று இருப்பதே அவருக்குத் தெரியாது. ரத்தான மூன்று மாதத்துக்குள் போட வேண்டும், விட்டால் நோட்டீஸும் லேட் ஃபீஸும் வரும் என்றேன். இன்னும் ஐந்து வாரம் இருந்தது. அங்கேயே உட்கார்ந்து ஆடிட்டருக்கு போன் போட்டார்.