செவத்திக்குச் சங்கிலி வேண்டாம்

ஆவணி, ஞாயிறு இரவு

கோவில்பட்டிப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து சிப்பிப்பாறைக் குட்டி வந்து சேர்ந்துவிட்டது. பெட்டை. செம்மண் நிறம், நெஞ்சில் மட்டும் கொஞ்சம் வெள்ளை. அத்தை பார்த்ததுமே “செவத்தி” என்று கூப்பிட்டார். மகன் யோசித்து வைத்திருந்த பெயர்கள் எதுவும் அதன்பிறகு எடுபடவில்லை.

நாற்பது நாளிலேயே தூக்கிப் போகச் சொன்னார் குட்டி கொடுத்தவர். சோறு தின்ன ஆரம்பித்துவிட்டால் குட்டி தயார் என்பது அந்தப் பக்கத்துக் கணக்கு. எட்டு வாரம் முடியட்டும் என்று நாங்கள்தான் தள்ளிப்போட்டோம். பால்குடி மறந்த பிறகும் தாயிடமும் கூடப்பிறந்த குட்டிகளிடமும் படிக்க வேண்டியது நிறைய இருக்கிறது. விளையாட்டில் அழுத்திக் கடித்தால் கடிபட்ட குட்டி கத்திவிட்டு விலகிப் போகும், விளையாட்டு அதோடு நின்றுபோகும். எவ்வளவு அழுத்தினால் வலிக்கும் என்பதைக் குட்டிக்குக் குட்டிதான் சொல்லித்தர முடியும்.

கிளம்பும்போது தாய் படுத்திருந்த சாக்கில் ஒரு துண்டு கேட்டு வாங்கிக்கொண்டேன். மண்ணும் பாலும் நாய்முடியும் கலந்த வாடை. துவைக்காமல் அப்படியே அட்டைப்பெட்டிக்குள் விரித்திருக்கிறேன். இந்த வீட்டில் அவளுக்குத் தெரிந்த பொருள் அது ஒன்றுதான்.

“ராத்திரி முன்வாசல்ல கட்டிப் போட்டிரு தாயி. ரெண்டு நாள் கத்தும், பெறகு பழகிரும். வீட்டுக்குள்ள விட்டா காவல் புத்தி வராது” என்றார் அத்தை. அத்தை நாய்களோடு வளர்ந்தவர். 1972இல் வனவிலங்குச் சட்டம் வருவதற்கு முன்னால் அவருடைய அப்பா முயல் வேட்டைக்கு இந்த இன நாய்களைத்தான் வைத்திருந்தார். நாயைப் பற்றி அத்தை சொல்வதை லேசாக ஒதுக்கிவிட முடியாது. இருந்தாலும் பெட்டியை என் பாய்க்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன்.

திங்கள்

விளக்கணைத்துக் கொஞ்ச நேரத்தில் தொடங்கினாள். முதலில் மூக்கால் மெல்லிய முனகல். பிறகு அது நீண்டு, உச்சத்துக்குப் போய், உடைந்து, மறுபடி அடியிலிருந்து கிளம்பியது. ஒவ்வொரு தடவையும் கத்தி முடித்ததும் காதைத் தூக்கி வைத்துக்கொண்டு கேட்டாள். பதில் வருகிறதா என்று பார்க்கிறாள். கூட்டத்தைப் பிரிந்த குட்டி எழுப்பும் குரல் அது, இருக்கும் இடத்தைத் தாய்க்குச் சொல்லும் குரல். கையைப் பெட்டிக்குள் விட்டு அவள் முதுகோடு ஒட்டி வைத்தேன். என் உள்ளங்கையில் தாடையை வைத்து, பெருமூச்சு விட்டு, தூங்கிப் போனாள்.

முன்வாசலில் கட்டிப் போட்டாலும் ஒருநாள் அழுகை நிற்கத்தான் செய்யும். பதில் வராது என்று தெரிந்துகொண்டதால் நிற்கும். அதற்குப் பழக்கம் என்று பெயர் வைப்பதை என் மனம் ஏற்கவில்லை.

நள்ளிரவில் ஒரு தரமும் விடியுமுன் ஒரு தரமும் கொல்லைக்குத் தூக்கிப் போனேன். எத்தனை மாதமோ அதோடு ஒன்று கூட்டினால் வருகிற மணி நேரம்தான் குட்டியால் அடக்க முடியும் என்பது பொதுவான கணக்கு. இரண்டு மாதக் குட்டிக்கு மூன்று மணி நேரம், பகலில் அதைவிடக் குறைவு. தூங்கி எழுந்ததும், தின்று முடித்ததும், விளையாட்டு ஓய்ந்ததும் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். முருங்கை மரத்தடியில் ஒரே இடம். போய் முடித்த அந்த நொடியிலேயே கொஞ்சலும் ஒரு வாய்த் தீனியும். வீட்டுக்குள் வந்து கொடுத்தால் எதற்குக் கொடுத்தோம் என்று அவளுக்குப் புரியாது. தரையில் போனதற்காக மூக்கைப் பிடித்து அதில் தேய்க்கிற வழக்கம் இன்னும் எத்தனையோ வீடுகளில் இருக்கிறது. அதில் குட்டி படிக்கிற பாடம் ஒன்றே ஒன்றுதான்: இவர்கள் பார்க்கிறபோது போகக் கூடாது.

புதன்

இராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரிக்குப் போய்வந்தோம். குடற்புழுவுக்கு மருந்து, முதல் தடுப்பூசி. தாயின் வயிற்றிலேயும் பாலிலேயும் உருண்டைப்புழு குட்டிக்கு வந்துவிடும். அதனால் கொழுகொழுவென்று இருந்தாலும் புழு மருந்து கொடுத்தே ஆகவேண்டும்.

தடுப்பூசியை மூன்று நான்கு வார இடைவெளியில், பதினாறு வாரம் ஆகும்வரை திரும்பத் திரும்பப் போடச் சொல்லியிருக்கிறார்கள். ஒன்று போட்டாயிற்றே என்று நிறுத்திவிடுகிறவர்கள் அதிகம். தாயின் சீம்பாலில் வந்த எதிர்ப்புச் சக்தி குட்டியின் ரத்தத்தில் இருக்கும்வரை ஊசி மருந்தையும் அது முறியடித்துவிடும். அது எந்த வாரம் தீரும் என்பது குட்டிக்குக் குட்டி மாறும். தீர்ந்த பிறகு ஓர் ஊசியாவது உடம்பில் ஏற வேண்டும், அதற்குத்தான் இத்தனை தடவை. 1978 வாக்கில் உலகம் முழுக்கப் பரவிய பார்வோ வைரஸ் இன்னும் நம் தெருக்களில் இருக்கிறது. வாந்தியும் ரத்தபேதியுமாகச் சில நாட்களிலேயே குட்டியைக் கொண்டுபோய்விடும். மண்ணில் மாதக் கணக்கில் உயிரோடு கிடக்கும். ஊசிகள் முடியும்வரை செவத்தியின் கால் தெருவில் படக் கூடாது.

புரட்டாசி, சனி

புரட்டாசி பிறந்ததும் எங்கள் அடுப்படியில் முட்டை, கறி எதுவும் ஏறாது. செவத்திக்கோ வளர்கிற வயது, ஒரு நாளைக்கு நான்கு வேளை. சாதமும் தயிரும் மட்டும் கொடுத்தால் எலும்பும் தசையும் எங்கிருந்து வரும்? வழி சொன்னது அத்தைதான். கொல்லையில் மூன்று கல்லைக் கூட்டி, தனிச் சட்டி வைத்து, “வாயில்லாச் சீவனுக்கு என்ன விரதம்” என்று அவரே முட்டையை வேகவைத்தார். கோழியும் அங்கேயே வேகிறது, உப்புக்கூடப் போடாமல்.

அத்தையிடம் நான் விடாமல் சொல்லிக்கொண்டிருப்பது சாம்பார்ச் சாதத்தைப் பற்றி. மிச்சச் சாம்பாரை ஊற்றிப் பிசைந்து வைப்பது நம் வீடுகளில் காலங்காலமாக நடப்பது. வெங்காயமும் பூண்டும், வெந்திருந்தாலும் சரி, நாயின் ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும். திராட்சை சிறுநீரகத்தைப் பாதிக்கும். மகனுக்குச் சாக்லேட்டைப் பற்றியும் சொல்லி வைத்திருக்கிறேன்.

வியாழன்

பால்பல் இருபத்தெட்டும் ஊசி. சேலைக் கரை, பாய் ஓரம், கட்டைவிரல், எதையும் விடுவதில்லை. அழுத்திக் கடித்தால் “ஆ” என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விடுகிறோம், அவளுடைய கூடப்பிறந்ததுகள் செய்தது போலவே. பழைய துண்டை முடிச்சுப் போட்டு நனைத்து ஃப்ரிட்ஜில் குளிரவைத்துக் கொடுத்தால் ஈறுக்கு இதமாக இருக்கிறது போலும், முன்கால் இரண்டிலும் பிடித்துக்கொண்டு நெடுநேரம் மெல்கிறாள்.

இன்று மகன் கையில் பல் கீறிவிட்டது. ரத்தம் வரவில்லை. குழாயைத் திறந்து சோப்பு போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு நேரே அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப் போனேன். செவத்திக்கு வெறிநோய்த் தடுப்பூசி போடுகிற மூன்று மாதம் இன்னும் ஆகவில்லை. மகனுக்கு இன்று முதல் ஊசி, இனி 3, 7, 28ஆம் நாட்களில். வீட்டுக் குட்டிதானே என்று சிலர் சொன்னார்கள். வெறிநோய் வெளியே தெரிந்துவிட்டால் பிறகு மருந்தே கிடையாது. இதில் சந்தேகத்துக்கு இடமே வைக்கக் கூடாது.

புரட்டாசி, ஞாயிறு

தெருவில் விடக் கூடாது, ஆனால் தெருவைக் காட்டாமலும் இருக்கக் கூடாது. குட்டி வளர்ப்பில் கடினமான இடம் இதுதான். மூன்றாவது வாரத்திலிருந்து ஏறக்குறைய பதினான்காவது வாரம்வரை நாயின் மனம் திறந்திருக்கிறது. அதற்குள் கண்டதும் கேட்டதும் அதன் உலகத்தைச் சேர்ந்தவை, பிறகு வருவதெல்லாம் அந்நியம். 1961இல் அமெரிக்காவில் சில ஆய்வாளர்கள், வேலியிட்ட வெளியில் மனிதத் தொடர்பில்லாமல் குட்டிகளை வளர்த்துப் பார்த்தார்கள். பதினான்கு வாரம்வரை மனிதக் கை படாத குட்டிகள் காட்டு விலங்குகளைப் போல ஆகிவிட்டன, பிறகு பழக்குவது மிகவும் கடினமாயிற்று.

முன்வாசலில் சங்கிலியில் கிடக்கிற குட்டிக்கு அந்த வாரங்கள் எப்படிக் கழியும்? பார்ப்பது ஒரு தூணும் ஒரு கேட்டும். போகிற வருகிறவர்கள் எல்லாம் பயம். பயந்த நாய்தான் குரைக்கிறது, பயந்த நாய்தான் குழந்தையைக் கடிக்கிறது. அதைக் காவல் என்று நினைத்துக்கொள்கிறோம். யார் வீட்டு மனிதர், யார் வேற்றாள் என்று தெரிந்த நாய்தானே காவல் காக்க முடியும்? அத்தையிடம் இதைச் சொன்னேன். கேட்டுக்கொண்டார், பதில் சொல்லவில்லை.

சாயங்காலம் அவளைத் துண்டில் சுற்றி இடுப்பில் வைத்துக்கொண்டு தெருமுனைவரை போகிறேன். பேருந்து, தலையில் கூடை வைத்த பூக்காரம்மா, ஹெல்மெட் போட்ட ஆள், குடை, பள்ளிக்கூடம் விட்டு வரும் கும்பல். கோயிலில் மேளம் முழங்கியபோது உடம்பு விறைத்தது. உடனே தள்ளிப் போய், சத்தம் மெலிதாகக் கேட்கிற இடத்தில் நின்று முட்டைத் துண்டு கொடுத்தேன். தின்றாள். தின்கிற குட்டி பயத்திலிருந்து மீண்டுவிட்டது என்று அர்த்தம். வாயைத் திருப்பிக்கொண்டால் இன்னும் தூரம் போக வேண்டும்.

ஐப்பசி, தீபாவளிக்கு மறுநாள்

உள்ளறையில் ஜன்னலைச் சாத்தி, மின்விசிறியை முழு வேகத்தில் வைத்து, பாட்டும் போட்டு, அவளோடு யாராவது ஒருவர் மாறிமாறி இருந்தோம். சரவெடிக்குக் கட்டிலடியில் போய்ப் படுத்தாள். இழுத்து வெளியே கொண்டுவரவில்லை, ஒளிந்துகொள்ள இடம் இருப்பதே அவளுக்குத் தைரியம். சத்தம் ஓய்ந்ததும் தானாக வந்து தண்ணீர் குடித்தாள். எதிர்வீட்டில் கட்டிக் கிடந்த நாய் சங்கிலியை இழுத்து இழுத்துக் கழுத்தில் புண். ராத்திரி முழுக்க அதன் குரல் கேட்டுக்கொண்டே இருந்தது.

ஐப்பசி, திங்கள்

ஊசிகள் முடிந்து முதல் தடவையாகத் தெருவில் நடந்தாள். சிப்பிப்பாறைக்குத் தலை ஒடுக்கம், கழுத்து நீளம், சாதாரணக் கழுத்துப்பட்டை நழுவிவிடும். அதனால் நெஞ்சைச் சுற்றிக் கட்டுகிற பட்டை. மூலைவீட்டு ஆட்டுக்குட்டி ஒன்று துள்ளியதும் அப்படியே சிலையாக நின்றாள், அடுத்த நொடி கயிறு விறைத்தது. கண்ணால் பார்த்துத் துரத்துகிற இனம். அதை மாற்ற முடியாது, மாற்றவும் வேண்டாம். கூப்பிட்டால் திரும்புகிற பழக்கத்தைத்தான் இனி தினமும் சொல்லித்தர வேண்டும்.

காவல் புத்தி வருமா என்று அத்தை மறுபடி கேட்டார். வளர்ந்து ஒரு வயது ஆகட்டும், பார்ப்போம் என்றேன். அவர் கேட்டையும் காம்பவுண்டு சுவரையும் ஒருமுறை நின்று பார்த்தார்.

“கட்ட வேண்டாம்னா சரி. ஆனா இவ சாதிக்கு இந்தச் சுவரு காணாது. ஆறு மாசத்துல ஒரே தாவுதான், ரோட்டுல நிப்பா. ரெண்டு வரிசை ஏத்துங்க.”

அதில் அவர் சொல்வதுதான் சரி. கொத்தனாரிடம் பேசியாயிற்று. ஹாலோ பிளாக்கும் ஒரு யூனிட் எம்-சாண்டும் நாளை இறங்குகிறது, புதன்கிழமை வேலை.