சுவரில் ஒட்டிய 2016

2025 பெப்ரவரி 9, ஞாயிறு

நாளைக்குச் சம்பளம். ஜனவரிக் கணக்கை முடித்துவிடலாம் என்று ஞாயிற்றுக்கிழமையும் தோட்ட ஆபிஸுக்குப் போயிருந்தேன். பதினொன்றரை இருக்கும், லைட் போனது. யூபிஎஸ் கத்தியது. சர்வரை ஒழுங்காக மூடுவதற்கு நாலு நிமிடமாவது கிடைக்கும் என்று நம்பி இருந்தேன். ஒரு நிமிடம்கூடக் கிடைக்கவில்லை. பேட்டரி எப்போதோ செத்திருக்கிறது, யாரும் பார்க்கவில்லை. யாரும் என்றால் நான்தான்.

முதலில் எங்கள் லைனில்தான் கோளாறு என்று நினைத்தேன். ஹட்டனுக்குப் போன் எடுத்தால் அங்கேயும் இல்லை. நுவரெலியாவில் இல்லை, கொழும்பில் இல்லை, நாடு முழுக்க இல்லை. பாணந்துறை உப மின்நிலையத்தில் குரங்கு ஒன்று மின்மாற்றியில் பட்டுவிட்டது என்று அமைச்சரே சொல்லியிருக்கிறார்.

கரண்ட் வந்தது, போனது, மறுபடி வந்தது. சர்வரைப் போட்டேன். விசிறி சுற்றியது. டிஸ்க் இருக்கும் பக்கம் காதை வைத்தால் நகத்தால் சுரண்டுவதுபோல ஒரு சத்தம். டேட்டாபேஸ் எழும்பவே இல்லை.

2012 முதல் செக்ரோல் முழுக்க அதற்குள்தான் இருக்கிறது. யார் எந்த மலையில் நின்றார்கள், எத்தனை கிலோ கொழுந்து, முழு நாள் சம்பளத்துக்கு முழுப்பேரா, பாதிக்கு அரைப்பேரா, எல்லாம். இந்த டயரியில் கடைசியாக எழுதியது போன தீபாவளிக்கு. இன்றைக்கு எழுதாவிட்டால் தூக்கம் வராது போலிருக்கிறது.

பெப்ரவரி 10, திங்கள்

சம்பள நாள். ஆபிஸ் வாசலிலிருந்து தவறணை வரைக்கும் வரிசை.

ஆளுக்குப் பத்தாயிரம் ரூபாய் முன்பணம் கொடுத்துவிட்டு, மிச்சத்தைக் கணக்குப் பார்த்துக் கொடுப்போம் என்று தோட்ட மேலாளரான துரை முடிவு செய்தார். அதைச் சொல்லும் வேலை எனக்கு வந்தது. சத்தம் போடுவார்கள் என்று பயந்தேன். ஒருத்தரும் போடவில்லை, அதுதான் தாங்க முடியவில்லை. நாளைக்குத் தைப்பூசம். பிள்ளைகளுக்கு உடுப்பு எடுக்க வேண்டும், அடகை மீட்க வேண்டும், கடைக்காரருக்குச் சொன்ன சொல் இருக்கிறது. பத்தாயிரத்தை எண்ணி முந்தானையில் முடிந்துகொண்டு இறங்கிப் போனார்கள்.

பெரியம்மா மட்டும் நின்றார். என் அம்மாவோடு ஒரே கேங்கில் கொழுந்து எடுத்தவர். லயத்தில் என்னைத் தம்பி என்பார், ஆபிஸ் வாசலில் ஐயா என்பார்.

“ஐயா, அதுக்குள்ள எம் பேரு இருக்குதுங்களா?”

இருக்கிறது என்றேன். தெரியாமல்தான் சொன்னேன்.

பெப்ரவரி 11

தைப்பூசம். ஒன்றரை மணி நேரம் கரண்ட் வெட்டு. காவடி போகும் சத்தம் மட்டும் கேட்டது.

பெப்ரவரி 13, வியாழன்

நேற்றுப் போயா, பௌர்ணமி விடுமுறை. இன்று காலை கொழும்பிலிருந்து டெக்னீஷியன் வந்தார். சிங்களப் பையன், இருபத்தைந்து வயதுகூட இருக்காது. வந்ததும் சொன்ன முதல் விஷயம், இதை இனி யாரும் திருப்பிப் போடக்கூடாது. அடிபட்ட டிஸ்க்கை ஒவ்வொரு தடவை ஓடவிடும்போதும் இன்னும் கொஞ்சம் போகுமாம். ஞாயிறும் திங்களும் நான் ஏழெட்டுத் தடவை போட்டிருக்கிறேன். அவரிடம் அந்த எண்ணிக்கையைச் சொல்லவில்லை.

டிடிரெஸ்க்யூ என்ற மென்பொருளை ஓடவிட்டார். அது நல்ல இடங்களை முதலில் நகல் எடுத்துக்கொள்கிறது. வாசிக்க முடியாத இடம் வந்தால் முட்டிக்கொண்டு நிற்காமல் தாண்டிப் போய், கடைசியில் திரும்பி வந்து கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டுகிறது. கொழுந்து எடுக்கிறவர்களும் நிரையில் அப்படித்தான் போவார்கள். பாறை இருந்தால் சுற்றிப் போய் எடுத்துக்கொண்டு, பிறகு பாறைக்கு இடையில் கை விடுவார்கள்.

பிறகு பேக்கப்பைக் கேட்டார். வெளி டிஸ்க்கைத் திறந்தோம். ஒவ்வொரு இரவுக்கும் ஒரு ஃபைல், தேதி சரியாக இருந்தது. ஒக்டோபருக்குப் பிறகு எல்லாம் பூச்சியம் பைட். டிஸ்க் நிரம்பிவிட்டது. பெயரை மட்டும் எழுதிவிட்டு உள்ளே ஒன்றும் எழுதாமல் விட்டிருக்கிறது. தினமும் காலையில் பச்சை அடையாளத்தைப் பார்த்துவிட்டுத்தான் தேத்தண்ணி குடித்தேன். ஒரு நாளாவது ஒரு ஃபைலைத் திறந்து பார்த்திருக்கலாம். ஒக்டோபருக்கு முந்தியதும் உருப்படவில்லை. அதே டிஸ்க்கில் இடம் வேண்டும் என்று பழையதை அழிக்கும்படி நானே செய்து வைத்திருந்தேன். எஞ்சியதெல்லாம் பூச்சியமாகித்தான் கிடந்தது.

பையன் என்னைக் குறை சொல்லவில்லை. 2017 ஜனவரி 31இல் கிட்லாப் என்ற பெரிய நிறுவனத்தில் ஒருவர் களைப்பில் தவறான சர்வரில் டேட்டாபேஸை அழித்துவிட்டாராம். ஐந்து விதமான பாதுகாப்பு வைத்திருந்தும் ஒன்றும் கைகொடுக்கவில்லை, கடைசியில் ஆறு மணி நேரத் தரவு போய்விட்டது. அதை அவர்களே உலகத்துக்குச் சொன்னார்கள் என்றார். நம் நாட்டிலும் 2023 ஓகஸ்டில் அரசாங்கத்தின் கிளவுட்டில் ரான்சம்வேர் புகுந்து, மே 17 தொடங்கி ஓகஸ்ட் 26 வரையான மின்னஞ்சல்கள் போயின. ஏறக்குறைய ஐயாயிரம் முகவரிகள், அமைச்சரவை அலுவலகம் உட்பட. அங்கேயும் அந்த மாதங்களுக்கு வெளியில் ஒரு பிரதி இல்லை.

ஆறுதலுக்குத்தான் சொன்னார். எனக்கு ஆறவில்லை. அமைச்சரவைக் கடிதத்தை இன்னொரு தடவை எழுதிக்கொள்ளலாம். போன வருடம் எடுத்த கொழுந்தை இன்னொரு தடவை எடுக்க முடியுமா?

பெப்ரவரி 14

நகல் எடுப்பது இன்னும் ஓடுகிறது. 91 வீதம்.

பெப்ரவரி 17, திங்கள்

பட்ஜெட். ஜனாதிபதி வாசிப்பதை ஸ்டோரில் போனைச் சுற்றி நின்று கேட்டார்கள். தோட்டத் தொழிலாளர் சம்பளத்தை 1,700 ரூபாயாக்க நடவடிக்கை எடுக்கப்படும் என்றார். இப்போது 1,350, குறித்த அளவுக்கு மேல் எடுக்கும் கிலோவுக்கு 50. “ஐயா, எப்பருந்து?” என்று என்னிடம் வந்து கேட்கிறார்கள். ஜனவரிச் சம்பளமே என் கையில் இல்லை.

டேட்டாபேஸை மீட்பு நிலையில் எழுப்பப் பார்க்கிறார் பையன். ஒன்று முதல் ஆறு வரை படி. முதல் படியில் கெட்ட பக்கங்களைக் கண்டாலும் நிற்காமல் தாண்டும். நான்காம் படிக்கோ அதற்கு மேலோ போனால் எஞ்சியிருப்பதையும் அதுவே கெடுத்துவிடலாம், அதனால் நகலின் நகலில் மட்டும்தான் செய்ய வேண்டும் என்கிறார். ஒரு பக்கம் என்பது 16 கிலோபைட். எங்கள் செக்ரோலில் அதற்குள் ஏறக்குறைய நூற்றைம்பது வரி. ஒரு பக்கம் போனால் தோட்டத்தில் பாதிப் பேரின் ஒரு நாள் போனது.

மூன்றாம் படியில் எழும்பியது. இரவு ஒன்பது மணி. பையன் கையைத் தட்டினார், எனக்குக் கை வரவில்லை.

பெப்ரவரி 19, புதன்

இன்றைக்கு நடந்ததை விவரமாக எழுத வேண்டும்.

வரிகளை வெளியே எடுத்துக்கொண்டிருந்தபோது பையன் நிறுத்தினார். திகதி சரி, கிலோ சரி, ஆள் இலக்கம் சரி, ஆனால் ஒரு நிரல் மட்டும் குப்பை என்றார். ஆங்கில எழுத்து, அரைப்புள்ளி, அடைப்புக்குறி எல்லாம் கலந்து கிடந்தது. பதினைந்தாயிரம் வரிக்கு மேல். பழுதான வரியைக் கழித்துவிட்டு மிச்சத்தை ஏற்றுவோம், கழிக்கவா என்று கேட்டார். சரி என்று சொல்ல வாய் எடுத்துவிட்டேன்.

அவர் திரையை மேலே தள்ளினார். வரிகள் ஓடின. ஒன்று கண்ணில் பட்டது. பல வரிகள் ஒரே மாதிரி முடிந்தன. கே, அரைப்புள்ளி, கே, எச். கீழே வந்தால் மறுபடியும் கே, அரைப்புள்ளி, கே, எச். உடைந்தது ஒரே மாதிரி உடையுமா?

என் மூளைக்கு முன்னால் விரலுக்குத் தெரிந்துவிட்டது. மேசை மேலே விரல் தானாக அதை அடித்தது. ம். மா. பாமினி! சம்பளத் துண்டைத் தமிழில் அச்சடிக்க, 2014இல் நானே உட்கார்ந்து பாமினியில் அடித்த பெயர்கள். கே என்றால் ம, அரைப்புள்ளி என்றால் மெய்யெழுத்துப் புள்ளி, எச் என்றால் கால். ஆபிஸ் கணினியில் அந்த எழுத்துரு இருந்ததால் தமிழாகத் தெரிந்தது. இங்கே இல்லை, அதனால் குப்பையாகத் தெரிகிறது. ஒன்றுமே கெடவில்லை.

பையனிடம் இது ‘அம்மா’ என்று சொன்னேன். அந்தச் சொல் அவருக்கும் தெரியும். சிங்களத்திலும் அம்மாதான். எழுந்து வந்து என் பக்கத்தில் நின்று பார்த்தார். நூற்றுக்கும் மேற்பட்ட பெண்கள், எல்லாப் பேரும் அம்மா என்று முடிகிறது. அழிக்க விரல் வைத்திருந்தோம்.

என் அம்மாவின் பேரும் அப்படித்தான் முடியும். தேடினேன், இருந்தது. கடைசி வரி 2018 ஜூன் 14. பதினாறு கிலோ. எங்கள் தோட்டத்தில் பதினெட்டு எடுத்தால்தான் முழுப்பேர். அரைப்பேர் என்று போட்டிருந்தது. அடுத்த நாள் வேலைக்குப் போகவில்லை, பிறகு போகவே இல்லை.

அந்த வரியை நானா அடித்தேன் என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். அந்த மாதம் செக்ரோல் அடித்தது நான்தான்.

பெப்ரவரி 22

கணக்கப்பிள்ளைமாரின் பொக்கெட் செக்ரோலை வைத்து ஜனவரியை முழுக்கத் திரும்ப அடித்தோம். மீதிச் சம்பளம் கொடுத்தாயிற்று. கை நீட்டிய ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்துக் கொடுத்தேன். நன்றாக இருந்தது.

பெப்ரவரி 28

ஜனவரிக்கான சேமலாப நிதி இன்றைக்குள் போக வேண்டும். தொழிலாளி எட்டு, தோட்டம் பன்னிரண்டு வீதம். போய்விட்டது.

மார்ச் 4, செவ்வாய்

எல்லாம் வந்துவிட்டது என்று நினைத்தேன். வரவில்லை. 2016 ஏப்ரல் முதல் ஒக்டோபர் வரை, ஏழு மாதம். டிஸ்க்கில் ஒரே இடத்தில் தொடர்ந்து கெட்டிருக்கிறது. அடிப்படைச் சம்பளம் 450இலிருந்து 500 ஆன வருடம் அது. கணினி வந்த பிறகு கடதாசிப் பேரேடு வேண்டாம் என்று நிறுத்தியாயிற்று. பழைய பொக்கெட் செக்ரோல்களை 2020இல் எரித்தார்கள், நானும் பக்கத்தில் நின்றேன்.

பெரியம்மா இந்த மாதம் வேலையை விடுகிறார். 1987இல் பேர் பதிந்தவர். பணிக்கொடைச் சட்டப்படி தினச் சம்பளக்காரருக்கு வருடத்துக்குப் பதினான்கு நாள் சம்பளம். 38 வருடத்துக்கு 718,200 ரூபாய். 2016க்கு முழுப் பதிவு இல்லையே, அந்த வருடத்தை எப்படிக் காட்டுவது என்று மேலிடத்திலிருந்து கேட்கிறார்கள். ஒரு வருடம் கழிந்தால் 18,900 ரூபாய் போகும். சேமலாப நிதிக் கணக்கில் அந்த மாதங்களுக்குக் கட்டிய காசு நிற்கும். ஆனால் அங்கே அவர் பேர் ஒரு மாதிரி, அடையாள அட்டையில் ஒரு மாதிரி, செக்ரோலில் நான் அடித்தது மூன்றாவது மாதிரி. சத்தியக் கடதாசி முடித்து, எழுதி, பதில் வர எத்தனை மாதமோ.

அவரிடம் சொன்னேன். கோபப்படவில்லை. “கலண்டருல இருக்கும் ஐயா” என்றார்.

மார்ச் 9, ஞாயிறு

பெரியம்மாவின் காம்பராவுக்குப் போனேன். லயத்தின் கடைசி வீடு, காற்று நேராக வந்து அடிக்கும் இடம். நடுச்சுவரில் இந்த வருடக் கலண்டர், ஹட்டன் நகைக்கடையில் கொடுத்த முருகன் படம். ஒவ்வொரு திகதிக் கட்டத்திலும் மூலையில் பென்சிலால் சின்ன எண். 21. 19. 24. வேலையில்லாத நாளில் ஒரு கோடு. எழுதப் படிக்கத் தெரியாதவர், எண் மட்டும் தெரியும்.

பழைய கலண்டர் எங்கே என்று கேட்டேன். சிரித்தார். “நிக்கிற எடத்தச் சுத்திப் பாரு தம்பி.”

பலகைச் சுவர் முழுக்கக் கலண்டர் தாள். காற்றுப் புகாமல் இருக்க வருடா வருடம் கோதுமை மாப் பசை காய்ச்சி ஒட்டியிருக்கிறார். அடுப்புப் பக்கம் புகையேறிக் கறுத்துப் போயிருந்தது. மேலே 2021, அதற்குக் கீழே 2019, அதற்கும் கீழே. பேத்தி சுடுதண்ணீரில் துணியை நனைத்துக் கொடுத்தாள். ஒத்தடம் கொடுத்து, நகத்தால் ஓரத்தைக் கிளப்பி, பொறுமையாக உரித்தோம். ஒரு தாள் வர அரை மணி நேரம். மே வந்தது. ஜூன் நடுவில் கிழிந்தது, மேல் பாதி மட்டும். செப்டம்பர் முழுசாக வந்தது, ஒரு எண்கூட அழியவில்லை. ஜூலை அடுப்புப் பக்கம், கறுப்பு மட்டும்தான். மற்ற மாதங்கள் எங்கே ஒட்டினார் என்று அவருக்கே நினைவில்லை. இன்னொரு ஞாயிறு தேட வேண்டும்.

மார்ச் மாதத் தாளும் கூடவே உரிந்து வந்தது. அது எங்களுக்குத் தேவையில்லை, 2016 மார்ச் டேட்டாபேஸில் இருக்கிறது. பென்சில் கணக்கு நம்பகமானதுதானா என்று பார்க்க மட்டும், கொண்டுபோன பிரின்டை எடுத்துப் பக்கத்தில் வைத்தேன். கலண்டரில் 22, பிரின்டில் 20. கலண்டரில் 25, பிரின்டில் 23. 20க்கு 18. மாதம் முழுக்க.

இரண்டு கூட இருக்கிறதே பெரியம்மா என்றேன்.

“தண்ணிக்கு ஒன்னு, சாக்குக்கு ஒன்னு வெட்டுவாங்கல்ல. நான் தராசு முள்ளு காட்டுறத எழுதுவேன்.”

வெயில் நாளிலுமா என்று கேட்டேன். பதில் சொல்லாமல் தேத்தண்ணி ஊற்றப் போனார்.

மார்ச் 10, திங்கள்

பெப்ரவரிச் சம்பளம் நேரத்துக்குக் கொடுத்தாயிற்று. இப்போது பேக்கப் இரண்டு டிஸ்க்கில் போகிறது, ஒன்று என் வீட்டில். திங்கள்தோறும் ஒரு ஃபைலைத் திறந்து பார்க்கிறேன்.

மேயையும் செப்டம்பரையும் போட்டோ எடுத்து மேலிடத்துக்கு அனுப்பினேன். இதில் யார் கையெழுத்து இருக்கிறது என்று கேட்டுப் பதில் வந்திருக்கிறது. மார்ச் தாளையும் அனுப்புவதா என்று முடிவு செய்யவில்லை. மேசை லாச்சியில் இருக்கிறது.

எல்லோரும் போன பிறகு 2018 ஜூன் 14ஐ மறுபடி திறந்தேன். பதினாறு. அம்மா கலண்டரில் எழுதமாட்டார். எண் தெரியாது.