தலைக்குள் ஓடும் ஆறுகள்

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாலை, செபமாலை முடிந்த வேளையில், நம் பங்கைச் சேர்ந்த மூதாட்டி ஒருவர் பங்கு இல்லத்தின் வாயிலில் வந்து நின்றார். "சாமி, மகளுக்குப் பிள்ளை பிறந்து பத்து நாளாகிறது. மூன்று நாளாய்த் தலைவலி விட்டபாடில்லை. கொஞ்சம் தீர்த்தம் மந்திரித்துக் கொடுங்கள்" என்றார். நாமும் செபித்துத் தீர்த்தம் கொடுத்து, "பிள்ளை பெற்றவளுக்குத் தலைவலி வருவது இயல்புதானே அம்மா, தேறிவிடும்" என்று சொல்லி அனுப்பிவிட்டோம். மறுநாள் விடியுமுன் அப்பெண்ணுக்கு வலிப்புக் கண்டது. வலக்கையும் வலக்காலும் செயலிழந்தன.

நகரத்து மருத்துவமனையில் நோயில்பூசுதல் அளித்துவிட்டு வெளியே வந்த நம்மை மருத்துவர் தம் அறைக்கு அழைத்தார். ஒளிப்பலகையில் எம்.ஆர்.ஐ. படமொன்று மாட்டப்பட்டிருந்தது. தமனிகள் மூளைக்குக் கொண்டுவரும் இரத்தத்தைத் திரும்ப இதயத்திற்கு எடுத்துச் செல்பவை சிரைகள். அவை பலவாகக் கூடி, உச்சந்தலையின் நடுக்கோட்டில், மூளையுறையின் மடிப்புகளுக்கிடையே செல்லும் ஒரு பெருவாய்க்காலில் கலக்கின்றன. அது பின்மண்டையில் வலமும் இடமுமாகப் பிரிந்து கழுத்துச் சிரைகளைச் சேர்கிறது. அப்பெண்ணுக்கு அந்தப் பெருவாய்க்காலில் இரத்தம் உறைந்து அடைத்திருந்தது. வடிய வழியின்றித் தேங்கிய இரத்தத்தால் மூளை வீங்கியிருந்தது.

"பேறுகாலத்திற்குப் பின் இரத்தம் எளிதில் உறையும், ஃபாதர். பச்சை உடம்பு என்று தண்ணீரையும் குறைத்துவிட்டால் ஆபத்து கூடும்" என்றார் அவர்.

படத்தில் இடப்புறத்துக் கிளை கண்ணுக்கே தென்படவில்லை. அதுவும் அடைபட்டதோ என்று வினவினோம். "இல்லை. பலருக்கு ஒருபுறக் கிளை பிறப்பிலேயே மெலிந்திருக்கும். வேறு படங்களையும் பார்த்து உறுதி செய்துகொண்டோம். சிரைகள் ஆளுக்கு ஆள் வேறுபடும் என்பதை முதலில் கற்பித்தவர்கள் பிரேதங்களை அறுத்து ஆராய்ந்தவர்களே" என்றார்.

அன்று முதல் இதைப் பற்றிப் படிக்கலானோம். பின்மண்டையில் வாய்க்கால்கள் கூடுமிடம், கி.மு. 3-ஆம் நூற்றாண்டு வரை வாழ்ந்த அலெக்சாந்திரியா மருத்துவர் எரோஃபிலசின் பெயரை இன்றும் தாங்கி நிற்கிறது. 1927-இல் போர்த்துக்கல் நாட்டு எகாஸ் மோனிஸ், கழுத்துத் தமனியில் மருந்தைச் செலுத்தி, உயிருள்ளவரின் மூளை இரத்தக்குழாய்களை எக்ஸ்ரே படத்தில் காட்டினார். இன்றோ அறுவையின்றியே சிரைகளின் ஓட்டத்தைக் காண்கிறோம். ஆயினும் பிரேத ஆய்வு ஓய்ந்துவிடவில்லை. இறந்தபின் சுருங்கிப்போகும் சிரைகளுள் வண்ணம் கலந்த ரப்பர்ப் பாலைச் செலுத்தி, நுண்ணிய கிளைகளையும் தேடிக் காண்கின்றனர். படம் ஓட்டத்தைக் காட்டுகிறது. பிரேதம் கரைகளைக் காட்டுகிறது. ஒன்றின் குறையை மற்றது நிறைவு செய்கிறது.

இவர்களுள் நம் உள்ளத்தைத் தொட்டவர் டென்மார்க்கில் பிறந்த நீல்ஸ் ஸ்டென்சன். 1665-இல் பாரிசு நகரில் அறிஞர்கள் முன்னிலையில் மூளையைப் பற்றிப் பேச எழுந்த அவர், அதைப் பற்றித் தமக்கு ஒன்றும் தெரியாது என்ற ஒப்புதலோடு தொடங்கினார். பின்னர் கத்தோலிக்கராகி, 1675-இல் குருவாகி, 1677-இல் ஆயரான அவரை, 1988-இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் முத்திப்பேறு பெற்றவராக உயர்த்தினார். எத்தனையோ மூளைகளை ஆராய்ந்த அவர் "தெரியாது" என்றார். ஒன்றையும் ஆராயாத நாமோ "தேறிவிடும்" என்றோம்! செபித்தது பிழையன்று, செபத்தோடு மருத்துவரிடம் அனுப்பாததே பிழை.

உறைவைத் தடுக்கும் ஹெப்பாரின் மருந்தாலும் இறைவன் அருளாலும் அப்பெண் பிழைத்தாள். வலக்கை தேறப் பல மாதங்கள் ஆயின. இன்று தன் மகனைக் கையில் பிடித்துக்கொண்டே திருப்பலிக்கு வருகிறாள்.

சென்ற ஆண்டு, நம் உடலை மருத்துவக் கல்லூரிக்கு அளிக்கும் படிவத்தில் கையொப்பமிட்டோம். அந்த மூதாட்டி கேள்வியுற்று, "கல்லறையில் வைக்க வேண்டாமா சாமி?" என்று கண்கலங்கினார். திருச்சபை இதைத் தடுக்கவில்லை என்றும், ஆய்வுக்குப் பின் எஞ்சுவதை மரியாதையோடு அடக்கம் செய்யலாம் என்றும் விளக்கினோம். "உங்கள் மகளைக் காத்த அறிவு, யாரோ முகமறியாதவர்களின் உடல்கள் தந்த கொடை அம்மா" என்றோம். அவர் நெடுநேரம் பேசாதிருந்து, பின் சிலுவை அடையாளம் வரைந்துகொண்டார்.

அன்புக் குடும்பங்களே, பிள்ளை பெற்றவளுக்குத் தண்ணீரை மறுக்காதீர்கள். விடாத தலைவலியோ, பார்வை மங்கலோ, வலிப்போ கண்டால் உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள். எங்களிடம் தீர்த்தம் கேட்க வருவது அதன்பிறகு ஆகட்டும்.