மூன்று கண்டத்தில் ஒரு லாலி

உடும்பஞ்சோலை ஏலத்தோட்டங்களுக்குக் காலையில் ஜீப்பில் மலையேறி வரும் பெண்களில் பலர் கம்பம், போடிப் பக்கத்துக்காரர்கள். அவர்கள் பேச்சில் பென்னிகுவிக், வீட்டுத் தாத்தா ஒருவரைப் போல வந்து போவார். பிள்ளைக்கு அவர் பெயரை வைத்த குடும்பங்கள் கீழே பள்ளத்தாக்கில் உண்டு. ஜனவரி 15, அவர் பிறந்த நாள் என்று பொங்கல் வைக்கிறார்கள். அவர் கட்டிய பெரியாறு அணையை 1895 அக்டோபரில் திறந்துவைத்தவர் யார் என்று கேட்டால் மட்டும் யாருக்கும் தெரியாது. அன்றைய சென்னை கவர்னர் வென்லாக் பிரபு அவர். நீலகிரியில் ஒரு புல்வெளியும் மங்களூரில் ஓர் ஆஸ்பத்திரியும் அவர் பெயரில் இருக்கின்றன. ஆனால் அணைத் தண்ணீரில் நெல் விளைவிப்பவர்கள் அந்தப் பெயரை வைத்துக்கொள்ளவில்லை. அது சரியான தீர்ப்பு என்றே நினைக்கிறேன்.

இந்த வென்லாக்கின் தம்பிதான் ஆர்தர் லாலி. எங்கள் மலையிலிருந்து கோவை வேளாண் பல்கலைக்கழகத்துக்குப் படிக்கப் போகும் பிள்ளைகள் அவர் பெயரைச் சொல்லித்தான் டவுன் பஸ்ஸில் டிக்கெட் வாங்குகிறார்கள்: லாலி ரோடு. சைதாப்பேட்டையில் இருந்த விவசாயக் கல்லூரி 1906-ல் கோவைக்கு வந்தபோது சென்னை மாகாணத்தின் கவர்னர் அவர். குன்னூர் அரசு மருத்துவமனையும் லாலி மருத்துவமனைதான்.

அதற்கு முன் 1901-ல் அவர் மேற்கு ஆஸ்திரேலியாவின் கவர்னர். பெர்த் நகரில் இன்றும் மவுண்ட் லாலி என்றொரு பகுதி இருக்கிறது. 1902-ல் அங்கிருந்து தென்னாப்பிரிக்காவின் டிரான்ஸ்வாலுக்கு லெப்டினன்ட் கவர்னராகப் போனார். ஜோகன்னஸ்பர்க்குக்குத் தெற்கே உள்ள ஓர் ஊருக்கும் லாலி என்றே பெயர். ஒரே ஆளின் பெயர் மூன்று கண்டங்களில் வேர்விட்டிருக்கிறது. பெர்த்திலும் கோவையிலும் அந்தப் பெயரைத் தினமும் உச்சரிக்கிறவர்கள் ஒருவரையொருவர் அறிய மாட்டார்கள்.

டிரான்ஸ்வாலில் அவர் செய்தது நமக்குத் தெரிந்திருக்க வேண்டும். அங்கே கடை வைத்தும் கூடை சுமந்தும் பிழைத்த இந்தியர்களில் தமிழர்கள் நிறைய. அவர்கள் குடியேறவும் வியாபாரம் செய்யவும் இருந்த தடைகள் நீடிக்க வேண்டும் என்று 1904-ல் லாலி மேலிடத்துக்கு அறிக்கை எழுதினார். காந்தி தம்முடைய 'இந்தியன் ஒப்பினியன்' இதழில் அதை மறுத்தெழுதினார். இரண்டே வருடத்தில், 1906 மார்ச்சில், அதே லாலி இந்தியர்கள் நிறைந்த ஒரு மாகாணத்துக்கே கவர்னராக வந்து சேர்ந்தார்.

1908 மார்ச்சில் வ.உ.சி. கைதானார். ஜூலையில் நீதிபதி பின்ஹே அவருக்கு இரட்டை ஆயுள் தண்டனை விதித்தார். மேல்முறையீட்டில் அது குறைந்தது. அதற்குள் கப்பல் விட்ட மனிதர் கோவைச் சிறையில் மாட்டுக்குப் பதிலாகச் செக்கிழுத்தார். அப்போது கோட்டையில் ஆட்சி செய்தவர் லாலி. அந்தச் சிறையும் லாலி ரோடும் ஒரே ஊரில், சில கிலோமீட்டர் இடைவெளியில் இருக்கின்றன. இதைப் படித்துத் தெரிந்துகொண்ட பிறகு அந்தச் சாலைப் பெயரை வெறும் பஸ் நிறுத்தமாகச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

வ.உ.சி. பெயரில் கோவையில் பூங்கா இருக்கிறது, மகிழ்ச்சி. ஆனால் பூங்காவுக்குப் போகும் குழந்தைக்கு லாலியைத் தெரியாது, லாலி ரோட்டில் இறங்கும் மாணவருக்கு அந்தச் செக்கு நினைவுக்கு வராது. இரண்டும் ஒரே கதை என்று யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

சாலையின் பெயரை மாற்றச் சொல்ல மாட்டேன். மாற்றினால் அவர் செய்ததும் பெயரோடு சேர்ந்து மறந்துபோகும். கோவை மாநகராட்சி லாலி ரோடு சந்திப்பில் ஒரு பலகை வைக்கட்டும். ஆர்தர் லாலி, சென்னை கவர்னர், 1906 முதல் 1911 வரை. டிரான்ஸ்வாலில் இந்தியர்களுக்கு எதிராக எழுதியவர். இவர் ஆட்சியில்தான் வ.உ.சி. இந்த ஊர்ச் சிறையில் செக்கிழுத்தார் என்று நல்ல தமிழில், பெரிய எழுத்தில் எழுதட்டும். அதை முதலில் கேட்க வேண்டியவர்கள் அந்த நிறுத்தத்தில் தினமும் இறங்கும் மாணவர்கள்.