அரை நொடிக்கான கணக்கு

நாற்பதாவது காலில் ஐந்து வோல்ட். இருபதாவதில் கிரவுண்டு. பதினெட்டுக்கும் பத்தொன்பதுக்கும் நடுவே கிரிஸ்டல். முப்பத்தொன்றையும் ஐந்து வோல்ட்டில் கட்ட வேண்டும். இல்லாவிட்டால் சிப் தன் நினைவகத்தை விட்டுவிட்டு வெளியே புரோகிராமைத் தேடப் போய்விடும். ஏடி89சி51 என்ற மைக்ரோகன்ட்ரோலர் சிப்பின் இந்தக் கால் கணக்கைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். கல்லூரியில் படித்த எத்தனையோ சமன்பாடுகள் போன இடம் தெரியவில்லை. இது மட்டும் நிற்கிறது. முதல் காலில் கட்டிய சிவப்பு எல்.இ.டி.தான் காரணம்.

சிப் வாங்கியது சென்னை ரிச்சி தெருவில். கறுப்பு ஸ்பாஞ்சில் குத்திவைத்திருந்ததை எடுத்துக் கொடுத்த கடைக்காரர், கிரிஸ்டலை நீட்டும்போது, “பதினொண்ணுதானே தம்பி?” என்றார். வெள்ளிக் கூட்டின் மேல் 11.0592 என்று அச்சிட்டிருந்தது. முழுதாகப் பன்னிரண்டு மெகாஹெர்ட்ஸ் இருக்க, ஏன் இந்த உடைந்த எண்? லேபில் சார் விளக்கினார்: பன்னிரண்டு துடிப்புக்கு ஒரு மெஷின் சைக்கிள், வகுத்தால் நொடிக்குச் சரியாக 9,21,600. கம்ப்யூட்டரோடு 9600 பாட் வேகத்தில் பிசிறில்லாமல் பேச அந்த எண்தான் தோது.

நொடிக்கு ஒன்பது லட்சம்! விளக்கை ஏற்றி அணைக்க சிப்புக்கு ஓரிரு சைக்கிள் போதும். அந்த வேகத்தில் அணைந்து எரிந்தால் நம் கண்ணுக்கு எதுவும் தெரியாது. ஆகவே நாங்கள் எழுதிய நிரலில் விளக்கைத் தொடுவது ஒரே வரி. மற்றதெல்லாம் காத்திருப்பு. ரெஜிஸ்டர் எட்டு பிட். 256-க்கு மேல் எண்ணாது. ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு வைத்து ஒவ்வொன்றாகக் குறைத்தாலும் ஒரு நொடியில் ஏழில் ஒரு பங்குதான் கரையும். மூன்றாவதில் நான்கு போட்ட பிறகுதான் அரை நொடியைத் தாண்டியது. மொத்த நிரலும் இருபது பைட்டுக்குள் அடங்கிவிட்டது. மனிதக் கண்ணுக்காக ஒரு இயந்திரத்தை இவ்வளவு பொறுமையாக எண்ண வைக்கிறோமே என்பது அன்று எனக்குப் பெரிய வியப்பு. இன்றும் அது குறையவில்லை.

காத்திருப்பு என்றதும் லேப் மூலையில் இருந்த ஒரு தகரப் பெட்டி ஞாபகம் வருகிறது. எங்களுக்கு முந்தைய காலத்து ஈப்ராம் சிப்புகளின் முதுகில் சிறு குவார்ட்ஸ் ஜன்னல் இருக்கும். எழுதியதை அழிக்க, மேலே ஒட்டிய ஸ்டிக்கரை உரித்து, அந்தப் பெட்டிக்குள் புற ஊதா விளக்கின் கீழ் இருபது நிமிடம் போல வைக்க வேண்டும். ஒரே ஒரு எண்ணைத் திருத்துவதற்கும் அதே இருபது நிமிடம். அதனால் சார் தலைமுறை, பேப்பரில் நான்கு முறை ஓட்டிப் பார்க்காமல் சிப்பைத் தொடாது. அந்தப் பழக்கத்தை எங்களுக்கும் ஊட்டினார். அதற்காக அவரைக் கையெடுத்துக் கும்பிடலாம்.

இன்று என் அக்கா மகனிடம் இருப்பது ஆர்டுயினோ. 2005-இல் இத்தாலியின் இவ்ரேயா ஊரில், மின்னணுவியல் படிக்காத மாணவர்களையும் மனதில் வைத்து உருவான போர்டு. பதின்மூன்றாவது பின்னில் எல்.இ.டி. ஏற்கெனவே இருக்கிறது. காத்திருப்பும் ஒரே வரி: டிலே, அடைப்புக்குள் ஆயிரம் மில்லி செகண்ட். ஆயிரத்தை நூறாக்கினான், பிறகு பத்தாக்கினான்.

“மாமா, சிமிட்டவே இல்ல. எரிஞ்சுகிட்டே இருக்கு.”

அறை விளக்கை அணைத்துவிட்டுப் போர்டைக் கையில் எடுத்து வேகமாக வீசிப் பார்க்கச் சொன்னேன். இருட்டில் கோடு விழவில்லை. துண்டு துண்டாகப் புள்ளிகள் விழுந்தன. வாய் பிளந்துவிட்டான். எனக்கும் நூறாவது முறை பார்ப்பதுபோல் இல்லை.

விளக்கைப் போட்டதும் அவன் கேட்டதுதான் எனக்கு இன்னும் பிடித்தது. “ஆயிரம்னு போட்டா அது சும்மாதானே எண்ணிகிட்டு இருக்கும்? அந்த நேரத்துல பட்டனை அழுத்தினா அதுக்குத் தெரியுமா, மாமா?”

தெரியாது. எண்ணி முடித்த பிறகுதான் திரும்பிப் பார்க்கும். அதற்குள் விரலை எடுத்திருப்பாய். அதற்காகத்தான் சிப்புக்குள்ளேயே டைமர் என்று தனியாக ஒன்று வைத்திருக்கிறார்கள்; எண்ணும் வேலையை அதனிடம் விட்டுவிடலாம் என்றேன். “அப்ப அதைச் சொல்லிக் குடுங்க” என்று நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டான்.