கொதிக்கும் எஞ்சினும் கிணற்று நீரும்

கொதிப்பு என்பது நோயன்று, நோயின் குறி. மனிதரின் காய்ச்சலுக்குப் பொருந்தும் இவ்வுண்மை மோட்டார்க் காரின் எஞ்சினுக்கும் பொருந்தும். ஆயின், குறியைக் கண்டவுடனே நோயையும் தீர்மானித்துவிடுவோர் நம்மிற் பலர். அவ்வாறு அவசரத் தீர்ப்புக்கு ஆளான கார் ஒன்றின் கதை எங்கள் குடும்பத்திலே நிகழ்ந்தது. பழைய கார் வைத்திருப்போருக்கும் விஞ்ஞானம் பயிலும் மாணவருக்கும் பயன்படக்கூடும் என்பதால் அதனை இங்கு எழுதுகின்றேன்.

என் தமக்கையாரின் கணவரிடம், அவர் தந்தையார் விட்டுச்சென்ற எம்.ஜி.பி. கார் ஒன்று இருந்தது. இருவர் அமர்ந்து செல்லத்தக்க இந்தப் பந்தயச் சாயற் கார்கள் 1962 முதல் 1980 வரை இங்கிலாந்தின் அபிங்டன் நகரிலே செய்யப்பட்டவை. நான்கு உருளைகளும் 1798 கன சென்ரிமீற்றர் கொள்ளளவும் உடைய வார்ப்பிரும்பு எஞ்சின் அவற்றுக்கு உண்டு. அத்தானுடையது 1964ஆம் ஆண்டுக் கார். 1990இல் யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் வருவது தடைப்பட்டபின், அது பல்லாண்டுகள் கொட்டகையிலே கிடந்தது. பின்னர் ஓடத் தொடங்கியும் பயனில்லை. நான்கைந்து மைல் செல்லுமுன்னரே கொதித்து ஆவி கக்கும்.

மருமகனுக்கு மொறட்டுவையிலே பொறியியல் பயில இடம் கிடைத்தபோது, விடுதிச் செலவுக்காகக் காரை விற்பதென அத்தான் முடிவு செய்தார். வந்த தரகர் மூடியைத் திறந்து பார்த்தார். "எஞ்சின் முடிஞ்சு போச்சு, ஐயா. இதைக் கழற்றி எறிஞ்சுபோட்டு ஜப்பான் எஞ்சின் பூட்ட வேணும்" என்று சொல்லிப் பழைய இரும்பின் விலையைக் கூறினார். தமக்கையார் சம்மதிக்கும் நிலையில் இருந்தார். மருமகன் மாத்திரம் என்னிடம் வந்து, "மாமா, எஞ்சின் உண்மையாய் முடிஞ்சுதோ?" என்று கேட்டான். நான் இரசாயனம் கற்பிப்பவன். எஞ்சின் வேலை அறியேன். ஆயினும் ஒன்றை அறிவதற்கு முறை உண்டு என்பதை அறிவேன். எங்கள் ஊரில் ஓய்ந்திருந்த மூத்த மெக்கானிக் ஒருவரை அழைத்துவந்தோம்.

அவர் ஒன்றையும் கழற்றவில்லை, முதலிற் பார்த்தார். விசிறியையும் தண்ணீர்ப் பம்பையும் சுழற்றும் பட்டி தளர்ந்திருக்கிறதா? இல்லை. தீப்பொறி பிந்தி விழுகிறதா? இல்லை. நான்கு உருளைகளின் அமுக்கத்தையும் அளந்தார், ஏறக்குறைய ஒத்திருந்தன. எண்ணெயில் நீர் கலக்கவில்லை. றேடியேற்றரிலே குமிழி எழவில்லை. "மாஸ்ரர், எஞ்சினுக்கு உயிர் இருக்கு" என்றார்.

தேமோஸ்தற்றைக் கழற்றி எறிந்தால் என்ன என்று மருமகன் கேட்டான். அது குறித்த வெப்பநிலையில் திறந்து நீருக்கு வழிவிடும் கதவு. வழக்கமாக 82 பாகை செல்சியசிலும், வெப்பநாடுகளுக்கென அமைந்தது 74 பாகையிலும் திறக்கும். பாத்திரத்து நீரிலே தொங்கவிட்டுச் சூடாக்கினோம். 74இல் ஒழுங்காகத் திறந்தது. "கதவு நல்லாயிருக்க அதைப் பிடுங்கி என்ன பயன், தம்பி? ஒழுங்கையல்லோ அடைபட்டுக் கிடக்கு" என்றார் முதியவர்.

பின்னர் எஞ்சினின் பக்கவாட்டில் உள்ள வடிகுழாயைத் திறந்தார். நிறைந்திருந்த நீர் ஒரு சொட்டேனும் வரவில்லை. கம்பியாற் குத்தியபோது துருச்சேறும் வெண்ணிறச் செதில்களும் விழுந்தன. செதிலொன்றின் மீது அமிலம் விட்டேன், நுரைத்தது. காரணம் வெளியாயிற்று.

யாழ்ப்பாணக் குடாநாடு சுண்ணக்கற்பாறையின் மேல் அமைந்தது. நம் கிணற்று நீரிலே கல்சியம் இருகாபனேற்று கரைந்துள்ளது. நீர் சூடாகும்போது அது சிதைந்து, கரையாத கல்சியம் காபனேற்றாகப் படிகிறது. நம் வீட்டுக் கேத்தலின் உட்புறம் வெளுத்திருப்பதும் இதனாலேயே. இரும்பு வெப்பத்தை எளிதிற் கடத்தும். இப்படிவோ மிக அரிதாகவே கடத்தும். ஆண்டுக்கணக்காகக் கிணற்று நீர் வார்க்கப்பட்ட எஞ்சின், தன் உள்ளே ஒரு சுண்ணாம்புச் சுவரை எழுப்பிக்கொண்டிருந்தது.

மருந்து எளியது. சித்திரிக்கு அமிலக் கரைசலை நிரப்பி, எஞ்சினை மெல்ல ஓடவிட்டு, ஆறியபின் வடித்தோம். பின்னர் நீரை எதிர்த்திசையிற் செலுத்திக் கழுவினோம். தெளிந்த நீர் வரும்வரை மும்முறை இவ்வாறு செய்தோம். இறுதியில் காய்ச்சி வடித்த நீரும் குளிர்விப்பான் திரவமும் வார்த்தோம். றேடியேற்றர் மூடி பழுதாயிருந்ததால், சதுர அங்குலத்துக்கு 7 இறாத்தல் அமுக்கத்தைத் தாங்கும் புதிய மூடி பூட்டினோம். அவ்வமுக்கத்திலே நீர் 100 பாகையிலன்றி ஏறக்குறைய 111 பாகையிலேயே கொதிக்கும். கொதித்த காரின் மூடியை உடனே திறத்தலாகாது என்பதற்கும் காரணம் இதுவே. அமுக்கம் நீங்கியதும் அந்நீர் ஆவியாய்ச் சீறி முகத்தைச் சுட்டுவிடும்.

அத்தான் காரை விற்றார், அம்முடிவு மாறவில்லை. ஆனால் இரும்பாக அன்று, காராகவே விற்றார். கண்டியிலுள்ள ஒருவர் தகுந்த விலை கொடுத்து வாங்கினார். நிகழ்ந்த யாவற்றையும் அத்தான் அவரிடம் மறையாது சொன்னார். மருமகனும் மெக்கானிக்கும் காரை ஏ-9 வீதி வழியே ஓட்டிச் சென்று ஒப்படைத்தனர். மாத்தளைக்கு அப்பாலுள்ள ஏற்றத்திலும் வெப்பமானியின் முள் நடுவை விட்டு அசையவில்லை என்று அவன் தொலைபேசியிற் சொன்னபோது, அவன் குரலிலே பிரிவின் துயரும் இருந்தது, பெருமிதமும் இருந்தது.

வகுப்பிலே "இவனுக்குப் படிப்பு ஏறாது" என்று ஒருவனைப் பற்றிச் சொல்லப்படும்போதெல்லாம் அந்த வெண்செதில்கள் என் நினைவுக்கு வருகின்றன. மாற்றவேண்டியது எஞ்சினா, நீக்கவேண்டியது அடைப்பா என்று பார்த்த பின்னரன்றோ தீர்ப்புச் சொல்லவேண்டும்?